பூட்ஸ் எப்போ கழலணும்? ஸ்கீ பைண்டிங்கின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு படிவத்துல ஆரம்பிக்குது.

மியூனிக்கில் முதுகலை படிச்சிட்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில வகுப்பு நண்பர்கள் நாலு பேரோட பஸ் பிடிச்சு, ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பக்கம் பனிச்சறுக்குக்குப் போனேன். அதுக்கு முன்னாடி நான் சறுக்கினது மொத்தமே மூணு நாள்தான். வாடகைக் கடையில ஒரு படிவம் நீட்டினாங்க. வயசு, எடை, உயரம் எல்லாம் எழுதியாச்சு. கடைசியா ஒரு கேள்வி: நீங்க எந்த வகைச் சறுக்காளர்? முதல் வகை, மெதுவா ஜாக்கிரதையா போறவங்க. இரண்டாவது வகை, நடுத்தரம். மூன்றாவது வகை, செங்குத்தான சரிவுல வேகமா இறங்குறவங்க.

பக்கத்துல நின்ன ரெண்டு பேரும் யோசிக்காம மூணுல டிக் போட்டாங்க. அவங்க மலையடிவாரத்துல வளர்ந்தவங்க. எனக்கு மட்டும் ஒண்ணுல டிக் போடக் கூச்சமா இருந்துச்சு. நானும் மூணுதான் போட்டேன்.

கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நிச்சயமாத்தான் சொல்றீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்கீயின் மேல இருந்த பைண்டிங்கை முன்னால ஒரு திருகு, பின்னால ஒரு திருகு திருகிக் கொடுத்தார்.

சாயங்காலம் மூணு மணி இருக்கும். வேகமெல்லாம் இல்லை, நடக்குற வேகம்தான். பின்பக்கமா சாய்ஞ்சு உட்கார்ற மாதிரி விழுந்தேன். உடம்பு ஒரு பக்கம் போச்சு, வலது ஸ்கீ இன்னொரு பக்கம் போச்சு. பூட்ஸ் மட்டும் கழலவே இல்லை. முழங்காலுக்குள்ள 'டப்'னு ஒரு சத்தம். அப்புறம் நாலு மாசம் பிசியோதெரபி.

அந்த நாலு மாசத்துல உட்கார்ந்து படிச்சதுதான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்லப்போற கதை. ஸ்கீயைப் பத்தி ஆயிரம் பேர் பேசுவாங்க. பூட்ஸையும் ஸ்கீயையும் இணைக்கிற அந்த உள்ளங்கை அளவு இரும்பு, அதான் பைண்டிங், அதைப் பத்திப் பேசுறவங்க குறைவு. அதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, விடாம பிடிச்சுக்கணும். இன்னொண்ணு, சரியான நேரத்துல விட்டுடணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரான வேலை. அந்தச் சண்டைதான் இதோட வரலாறு.

பனிக்குள்ள கிடந்த ஸ்கீ

2014-இல் நார்வேயின் டிகர்வார்டன் என்ற மலையில், உருகிக்கொண்டிருந்த பனித்திட்டு ஒன்றிலிருந்து தொல்லியல் ஆய்வாளர்களுக்கு ஒரு மர ஸ்கீ கிடைத்தது. வயது சுமார் 1,300 ஆண்டுகள். ஏழு வருஷம் பொறுத்திருந்து, 2021-இல் அதே இடத்துல அதோட ஜோடியையும் எடுத்தாங்க. நீளம் 187 சென்டிமீட்டர். அகலம் 17 சென்டிமீட்டர்.

இதுல பெரிய ஆச்சரியம், பைண்டிங்கோட மிச்சமும் அப்படியே கிடைச்சதுதான். கால் வைக்கிற இடம் கொஞ்சம் மேடா செதுக்கப்பட்டிருக்கு. அதுல குறுக்கா ஒரு துளை. முறுக்கின பிர்ச் மரக் கயிறு, ஒரு தோல் வார், ஒரு மர ஆப்பு. ஸ்கீயைப் பழுது பார்த்த தடமும் இருக்கு. யாரோ ஒருத்தர் இதை உடைச்சு, சரி பண்ணி, மறுபடியும் போட்டிருக்கார்.

இந்த மாதிரி கட்டு விரல் பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். ஹவாய் செருப்பு போட்டுக்கிட்டு பஸ்ஸைத் துரத்தியிருக்கீங்களா? விரல் உள்ளே இருக்கும், குதிகால் 'டப் டப்'னு அடிக்கும். நேரா ஓடலாம். சட்டுனு திரும்பினா செருப்பு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். சமவெளியில நடக்கவும் வேட்டைக்குப் போகவும் அது போதும். மலையில திரும்பி இறங்குறதுக்குப் போதாது.

குதிகாலைக் கட்டினவர்

இப்போ 19-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். தெற்கு நார்வேயில் டெலிமார்க் என்ற வட்டாரம். அங்கே மோர்கெடால் என்ற சிற்றூர். 1825-இல் பிறந்த சோண்ட்ரே நோர்ஹைம் அங்கே சொந்த நிலம் இல்லாத ஏழைக் குடியானவர். முறுக்கின இளங்கொம்பை விரல் பக்கத்திலிருந்து குதிகாலைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டினார். குதிகாலைக் கட்டுற பழக்கம் அவருக்கு முன்னாடியே சில இடங்கள்ல இருந்திருக்கு. ஆனா அதை வைச்சு என்னவெல்லாம் செய்ய முடியும்னு ஊரறியக் காட்டினவர் அவர்தான். குதிக்கலாம், விழாம தரையிறங்கலாம், வளைஞ்சு திரும்பலாம்.

1868-இல், இன்னைக்கு ஓஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்டியானியாவில் நடந்த போட்டியில் 42 வயது நோர்ஹைம் எல்லாரையும் வாயடைக்க வைத்தார். ஒரு முழங்காலை மடக்கித் திரும்புற அந்த முறைக்கு இன்னைக்கும் டெலிமார்க் என்றுதான் பேர். புகழ் வந்தது, காசு வரலை. 1884-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1897-இல் வடக்கு டகோட்டாவில் இறந்தார். அது பெரும்பாலும் சமவெளி. சறுக்க மலையே இல்லாத ஊர்.

1888-இல் ஃபிரித்யோஃப் நான்சென் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். அவர் எழுதின பயணப் புத்தகம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதைப் படித்து ஸ்கீ வாங்கினவர்களில் ஒருவர், ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்ட் ஊரில் இருந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. நார்வே ஸ்கீயை ஆல்ப்ஸ் சரிவுல போட்டுப் பார்த்தார். சரிவு ரொம்பச் செங்குத்து, ஸ்கீ ரொம்ப நீளம், கட்டு ரொம்பத் தளர்ச்சி. உடனே தானே செய்ய உட்கார்ந்தார். ஸ்கீயைச் சின்னதாக்கினார். காலடியில் ஓர் எஃகுத் தகடு வைத்து, பூட்ஸ் பக்கவாட்டில் ஆடாதபடி இறுக்கினார்.

இங்கேதான் குடும்பம் ரெண்டா பிரியுது. நார்வேக்காரங்களுக்குக் குதிகால் எழும்பணும். ஏன்னா அவங்க நடக்கணும், ஏறணும், தாண்டணும். ஆல்ப்ஸ்காரங்களுக்குக் குதிகால் அமர்ந்திருக்கணும். ஏன்னா அவங்க இறங்கணும். இன்னைக்கு நீங்க கடையில பார்க்கிற அத்தனை பைண்டிங்கும் இந்த ரெண்டு வீட்டுப் பிள்ளைங்கதான்.

நார்வே வீட்டுப் பிள்ளைக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 1927-இல் பிரோர் வித் என்பவர், பூட்ஸின் முன் விளிம்பை மட்டும் கவ்வுகிற ஒரு சின்ன உலோகப் பிடி செய்தார். அதுக்கு ரோட்டெஃபெல்லா என்று பேர். நார்வே மொழியில் எலிப்பொறி! அந்த நிறுவனம் இன்னைக்கும் இருக்கு. சமவெளிப் பனியோட்டத்துல பைண்டிங்னா பெரும்பாலும் இப்படித்தான். லேசா இருக்கணும், குதிகால் சுதந்திரமா எழும்பணும், அவ்வளவுதான்.

கந்தஹார் எப்படி ஆல்ப்ஸுக்கு வந்தது?

ஆல்ப்ஸ் வீட்டில் 1930 வாக்கில் வந்த பைண்டிங்கின் பேரைக் கேட்டா சிரிப்பீங்க. கந்தஹார். ஆமா, ஆப்கானிஸ்தான் கந்தஹார்தான்.

1880-இல் பிரிட்டிஷ் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸ், காபூலிலிருந்து கந்தஹாருக்குச் சுமார் 500 கிலோமீட்டர் படையை நடத்திச் சென்று பேர் வாங்கினார். அதே ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை நம்ம மதராஸ் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதி. பின்னாடி அவருக்குக் கிடைத்த பட்டத்திலேயே கந்தஹார் சேர்ந்துகொண்டது. 1911-இல் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் ஆங்கிலேயர்கள் நடத்திய இறங்கு பந்தயக் கோப்பைக்கு அவர் பேரை வைத்தார்கள். அங்கிருந்து கந்தஹார் என்ற சொல் ஒரு ஸ்கீ சங்கத்துக்குப் போச்சு, 1928-இல் தொடங்கிய ஆர்ல்பெர்க்-கந்தஹார் பந்தயத்துக்குப் போச்சு. கடைசியா, சுவிஸ் பொறியாளர் கீடோ ரோஜ் செய்த பைண்டிங்குக்கும் வந்து ஒட்டிக்கிச்சு.

அந்த பைண்டிங்ல ஒரு எஃகுக் கம்பி குதிகாலைச் சுற்றி வரும். முன்னால ஒரு நெம்புகோல், அதை அழுத்தினா கம்பி இறுகும். ஸ்கீயின் பக்கவாட்டில் சின்னக் கொக்கிகள் இருக்கும். கம்பியைக் கொக்கிக்கு அடியில மாட்டினா குதிகால் அமர்ந்துடும், இறங்கலாம். கழற்றிவிட்டா குதிகால் எழும்பும், ஏறலாம். ஒரே பைண்டிங்ல ரெண்டு வீடும். உண்மையிலேயே அழகான வேலை.

ஆனா ஒரு சிக்கல். இப்போ காலும் ஸ்கீயும் ஒண்ணாயிடுச்சு. இரண்டு மீட்டர் நீளப் பலகை பனியில சிக்கித் திரும்பினா, அதோட சேர்ந்து காலும் திரும்பும். நெம்புகோல் தத்துவம் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. நீளம் கூடக் கூட பலம் கூடும். இங்கே அந்தப் பலம் முழுக்கப் போய் இறங்குற இடம் எலும்பு. அந்தக் காலத்து இறுக்கமான பைண்டிங்குகளுக்கு அமெரிக்காவில் வைத்த பட்டப்பேர் 'கரடிப்பொறி'.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு படம்

ஹியால்மர் ஹ்வாம் நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்துக்குப் போனவர். பெரிய சறுக்கு வீரர். 1937-இல் மவுண்ட் ஹூட் மலையில் சறுக்கும்போது காலை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை மயக்கம் தெளிஞ்சதும் அவர் கேட்டது பென்சிலும் காகிதமும் என்று சொல்வார்கள். படுத்த படுக்கையில் வரைஞ்ச படம்தான், ஓரளவுக்கு மேல திருகினா பூட்ஸின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் விட்டுவிடும் பைண்டிங். 1939-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

யோசிச்சுப் பாருங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல எல்லாரும் 'எப்படி இன்னும் கெட்டியா பிடிக்கலாம்'னு யோசிச்சாங்க. கால் உடைஞ்ச ஒருத்தர் 'எப்போ விடணும்'னு கேட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கேள்வி ஒரு தொழிலாவே ஆயிடுச்சு. பிரான்சில் ழான் பெய்ல் லுக் நிறுவனத்தைத் தொடங்கினார், ஜெர்மனியில் ஹான்னெஸ் மார்க்கர், ஆன்சி நகரில் ஜார்ஜ் சாலொமோன். முன்பக்கம் பக்கவாட்டில் திறக்கும், பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் என்கிற இன்றைய ஏற்பாடு இவர்கள் கையில்தான் உருவானது. கழன்ற ஸ்கீ மலையில ஓடிப்போய் வேற யார் மேலயாவது இடிக்காம இருக்க முதல்ல கணுக்காலில் ஒரு வார் கட்டினாங்க. விழுந்தா அந்த ஸ்கீ வாரோட சுத்திச் சுத்தி வந்து நம்மையே அடிக்கும். 1970-களில் கம்பிக் கால் வைத்த பிரேக் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிஞ்சது.

காயம் மேலே ஏறின கதை

இப்போ சொல்லப்போறதுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமாப் பட்டது.

தோல் பூட்ஸ் காலத்தில் அதிகம் அடிபட்டது கணுக்கால். 1960-களில் பாப் லாங்கே போன்றவர்கள் கடினமான பிளாஸ்டிக் பூட்ஸ் கொண்டுவந்தார்கள். கணுக்கால் தப்பிச்சது. விசை பூட்ஸின் மேல் விளிம்புக்கு ஏறியது. இப்போ உடைஞ்சது கீழ்க்கால் எலும்பு.

அந்த எலும்பைக் காப்பாத்தத்தான் எண் வந்தது. எவ்வளவு விசைக்குப் பைண்டிங் திறக்கணும் என்பதை ஜெர்மனியில் ரொம்ப நுணுக்கமா ஆராய்ந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்புத் தலையின் அகலத்தை அளந்து கணக்குப் போட்ட முறையும் உண்டு. அப்படி ஜெர்மானியத் தரநிலையாக வந்ததுதான் டின் எண். பிறகு அது உலகத் தரநிலையானது. இன்னைக்கு எந்த நாட்டுக் கடையிலயும் பைண்டிங் மேல ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குள்ள அந்த எண்ணைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மருத்துவர் ராபர்ட் ஜான்சனும், கார்ல் எட்லிங்கர், ஜாஸ்பர் ஷீலி இருவரும் 1972-இல் ஒரே சறுக்கு மலையின் காயங்களை வருஷா வருஷம் எண்ணத் தொடங்கினார்கள். கீழ்க்கால் முறிவு மளமளன்னு குறைஞ்சதை அவங்க கணக்கு காட்டிச்சு. அதே கணக்கு இன்னொண்ணையும் காட்டிச்சு. முழங்காலுக்குள்ள இருக்கிற முன் சிலுவைத் தசைநார் கிழிவது கூடிக்கொண்டே போச்சு.

ஏன்? பைண்டிங் எலும்புக்காகக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. முன்பக்கம் பக்கவாட்டில் திறக்கும், பின்பக்கம் மேலே திறக்கும். நீங்க பின்னால சாய்ஞ்சு உட்கார்ற மாதிரி விழுந்தா, ஸ்கீயின் வால் பகுதி பனியில ஊன்றி முழங்காலைத் திருகும். அந்தத் திருகலில் முன்பக்கத்துக்குப் போதுமான விசையே போய்ச் சேராது. குதிகால் பக்கவாட்டில் திறக்காது. எட்லிங்கர் இதுக்கு 'மாயப் பாதம்' என்ற பொருளில் பேர் வைத்தார். நமக்கு இல்லாத ஒரு பாதம் பின்னாலிருந்து முளைச்ச மாதிரி. குதிகாலையும் பக்கவாட்டில் திறக்க விடுகிற பைண்டிங்குகள் வந்திருக்கு. ஆனா இந்தப் பிரச்சனை இன்னும் தீரலை.

என் டாக்டர் இதைத்தான் சொன்னார். "எண் குறைவா வைச்சிருந்தாலும் இந்த விழுகையில திறந்திருக்கும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மூணாம் வகை எண் உங்க காலுக்கு எந்த விதத்துலயும் உதவலை."

சரி, எதை எடுக்கிறது?

வரலாறு கேட்டாச்சு, இனி நடைமுறைக்கு வருவோம். நீங்க எப்படிச் சறுக்கப் போறீங்க என்பதுதான் முதல் கேள்வி.

சீராக்கின சரிவுல, லிஃப்டில் ஏறி இறங்குறவங்களுக்குச் சாதாரண ஆல்பைன் பைண்டிங். பைண்டிங்குல எண்ணுக்கு ஒரு வீச்சு இருக்கும், உதாரணமா 3 முதல் 10 வரை. உங்க எண் அந்த வீச்சின் நடுவாக்கில் விழுற மாதிரி எடுங்க. ஓரத்துல விழக்கூடாது. பெரிய எண் இருக்கிற பைண்டிங் 'ப்ரோ' மாதிரி தெரியுதேன்னு வாங்காதீங்க.

பந்தய வீரர்கள் ஏன் அவ்வளவு பெரிய எண் வைக்கிறாங்க? மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல போகும்போது, தேவையில்லாத நேரத்துல ஸ்கீ கழன்றால் அதுவே பெரிய ஆபத்து. அவங்க கணக்கு வேற, நம்ம கணக்கு வேற.

ஆழமான புதுப் பனிக்கு அகலமான ஸ்கீ. அப்போ பிரேக்கின் அகலத்தைப் பாருங்க. ஸ்கீயின் இடுப்பு அகலத்தைவிடச் சில மில்லிமீட்டர் கூட இருக்கணும். ரொம்பக் கூடினா திரும்பும்போது பனியில தட்டும்.

லிஃப்ட் இல்லாத மலையில தானே ஏறி இறங்குறவங்களுக்கு டூரிங் பைண்டிங். இதுல ஒரு கதை இருக்கு. 1980-களின் தொடக்கத்தில் டிரோல்காரர் ஃபிரிட்ஸ் பார்டெல், கனமான கருவிகளோடு மோன் பிளாங்க் ஏறி நொந்துபோனார். பிளாஸ்டிக் பூட்ஸே விறைப்பா இருக்கே, அதுக்கு அடியில இன்னொரு தகடு எதுக்குன்னு யோசிச்சார். பூட்ஸின் முனையில ரெண்டு பக்கமும் குழி, அதைக் கவ்வ ரெண்டு ஊசிமுனை. அவ்வளவுதான் பைண்டிங். கிலோக் கணக்கில் இருந்தது கிராம் கணக்குக்கு வந்தது. ஒண்ணு ஞாபகம் வைங்க: ஏறும்போது முன்பக்கத்தைப் பூட்டிவைப்பாங்க. அந்தப் பூட்டோட இறங்கினா அது கழலாது. பனிச்சரிவுல மாட்டினா, கழலாத ஸ்கீ நங்கூரம் மாதிரி உள்ளே இழுக்கும்.

பொருத்துற விஷயம். பூட்ஸின் சோலும் பைண்டிங்கும் ஒரே தரத்தில் இருக்கணும். எல்லா பூட்ஸும் எல்லா பைண்டிங்லயும் சேராது. உள்ளே நுழையுது என்பதால பொருந்துதுன்னு அர்த்தம் இல்லை. பூட்ஸின் நடுக்கோடும் ஸ்கீயின் மேல இருக்கிற குறியும் நேராகணும். குதிகால் பகுதி பூட்ஸை முன்னோக்கி அழுத்துற அளவு சரியா இருக்கணும், அதைக் காட்ட ஒரு குறி இருக்கும். சோலில் ஒட்டின பனியையும் மண்ணையும் தட்டிவிட்டு மாட்டுங்க. அது சரியாத் திறக்கிறதைக் கெடுக்கும். துளை போடுற வேலையையும் எண் வைக்கிற வேலையையும், சோதிக்கிற கருவி இருக்கிற கடையில கொடுங்க.

கடைசியா எண். எடை, உயரம் இரண்டையும் பார்த்து, எது குறைவான வரிசையைக் காட்டுதோ அதை எடுப்பாங்க. சோல் நீளம் கூடினா எண் குறையும். வயசு 50 ஆனாலோ 10-க்குக் கீழ இருந்தாலோ ஒரு படி குறைப்பாங்க. இரண்டாம் வகைன்னா ஒரு படி ஏத்துவாங்க, மூணாம் வகைன்னா ரெண்டு படி.

கவனிச்சீங்களா? எடை, உயரம், வயசு, சோல் நீளம் எல்லாத்தையும் அளக்கலாம், சரிபார்க்கலாம். அந்த ஒரு கட்டத்தை மட்டும் யாராலும் அளக்க முடியாது. நோர்ஹைமின் முறுக்கின கொம்பு, ஹ்வாமின் உடைஞ்ச கால், வெர்மான்டில் வருஷக்கணக்கா எண்ணப்பட்ட எலும்புகள், இவ்வளவும் சேர்ந்து செஞ்ச கணக்கு கடைசியில நம்மளை நம்பி ஒரு கேள்வி கேட்குது. அதுக்கு நான் பொய் சொன்னேன். என் நண்பர்கள் முன்னாடி, நான் பேர்கூட கேட்காத ஒரு கடைக்காரர் முன்னாடி.

அடுத்த வருஷ குளிர்காலத்துல மறுபடியும் போனேன். வேற கடை, அதே படிவம். ஒண்ணுல டிக் போட்டேன். கவுன்டரில் இருந்த பொண்ணு ஒரு வார்த்தை கேட்கலை, திருகிக் கொடுத்துட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாங்க. அன்னைக்கு மதியத்துக்குள்ள ஆறு தடவை விழுந்தேன். அதுல நாலு தடவை 'க்ளிக்'னு கழன்றது. ஒவ்வொரு தடவையும் பனியில உட்கார்ந்து, சோலைத் தட்டி, மறுபடி மாட்டிக்கிட்டு எழுந்தேன்.

இந்த எபிசோடு பிடிச்சிருந்தா, மலைக்குப் போகப்போற ஒரு நண்பருக்கு அனுப்புங்க. படிவம் நிரப்புறதுக்கு முன்னாடியே கேட்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.